அப்பா கொண்டுவந்த திருத்தம்

ஸ்பானிஷ் பேசும் ஒரு சின்ன நாட்டிலிருந்து நாடாளுமன்றக் குழு ஒன்று சென்னைக்கு வந்தபோது, அவர்களுக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். அதுவரை கார் கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும்தான் நான் பேசிப் பழகியிருந்தேன். இயந்திரம் ஏன் நின்றுபோனது, எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்றெல்லாம் சொல்வது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சட்டமன்றம் என்றதும் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவது என்பதிலேயே பயம் ஆரம்பித்துவிட்டது.

டெல்லியில் நாடாளுமன்றத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் வந்திருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். குழுவின் தலைவி நர்ஸாக இருந்து அரசியலுக்கு வந்தவர்; ஆளும் கட்சி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார், கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்க மாட்டார். எதிர்க்கட்சி சார்பில் ஒரு பெரியவர் வந்திருந்தார். கரும்பு விவசாயி, வாட்டசாட்டமான ஆள், அடர்ந்த மீசை. மற்ற மூன்று பேரும் இந்த இருவருக்கும் நடுவில் சமாதானமாக இருக்கப் பாடுபட்டவர்கள். வேனில் தலைவி முன் சீட்டில் உட்கார்ந்தால் பெரியவர் கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். "குடை வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள்" என்று தலைவி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அது பின்னால் போய், "வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று திரும்பி வரும். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேருக்கு நடுவிலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

சட்டமன்றம் அப்போது கூடியிருக்கவில்லை. வரவேற்பு, பொன்னாடை, தேநீர், இரண்டு பக்கமும் நீளமான பேச்சு எல்லாம் முடிந்ததும், யாருமில்லாத அவையைச் சுற்றிக் காட்டினார்கள். எதிர்க்கட்சி உட்காரும் இடம் எது என்று பெரியவர் கேட்டார். காட்டினார்கள். அந்த வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எந்த நாட்டுக்குப் போனாலும் எனக்கு இந்தப் பக்கம்தான்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். தலைவி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது தலைவி என்னிடம், "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். காரைக்குடிப் பக்கம், கீழச்சிவல்பட்டிக்கு அருகில் ஒரு சின்ன கிராமம் என்றேன். காரைக்குடி அவர்கள் பயணத்திலேயே இருந்தது. மறுநாள் போய் இரண்டு நாள் தங்கி, பெரிய வீடுகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. "உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அவை உண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிராம சபை என்று ஒன்று உண்டு, அதில் உறுப்பினர் என்று தனியாக யாரும் கிடையாது, வாக்காளர் எல்லோருமே உறுப்பினர்தான், காந்தி ஜெயந்திக்குக் கூடும் என்றேன். நீங்கள் காரைக்குடியில் இருக்கும் நாள் அதுதான் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் நின்றுவிட்டார். "அப்படியென்றால் ஒரு மாளிகையைக் குறைத்துக்கொள்ளலாம்" என்றார்.

கூட வந்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. யார் யாருக்கோ போன் பேசினார். கடைசியில் அனுமதி வந்தது. அன்று மாலை நான் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, நாளன்னைக்கு நம்ம ஊரு கிராம சபைக்கு வெளிநாட்டு எம்.பி.க வாராகப்பா."

"எதுக்கு?"

"பாக்கத்தான்."

"நம்மகிட்ட என்னத்தப் பாக்குறாகளாம்?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளன்னைக்கு ரேஷன் கடை விசயம் இருக்குத்தா. சண்டை வரும். வேற நாளு வரச் சொல்லு" என்றார்.

"நானும் கூட வாரேம்ப்பா. அவுகளுக்கு நாந்தான் எடுத்துச் சொல்லணும்."

"நீ எதுக்குச் சொல்லணும்? அதிகாரிக இல்லையா?"

"அதுதான்ப்பா என் வேலை."

"சரி சரி" என்று வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு என் வேலை பிடிபட்டதே இல்லை. படிப்பு முடிந்ததும் நான் அரசாங்கப் பரீட்சை எழுதுவேன் என்று நம்பியிருந்தார். நான் ஸ்பானிஷ் படிக்கப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை; விளங்காத விஷயத்தில் கோபப்படுவது அவர் வழக்கமில்லை. காரைக்குடி செக்காலை ரோட்டில் உரக்கடைக்காரர் விசாரித்தால், "மெட்ராஸ்ல கம்பெனில இருக்கா" என்று சொல்லிவிட்டு யூரியா விலைக்குத் தாவிவிடுவார்.

எங்கள் ஊரில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டே தெரு. நடுவில் ஊருணி. அப்பாவின் வீடு வடக்கே. அவருடைய தங்கை, என் அத்தை, உள்ளூரிலேயே வாக்கப்பட்டு தெற்கே இருக்கிறார். ரேஷன் கடை அப்போது ஒழுகுகிற வாடகை அறையில் நடந்துகொண்டிருந்தது. புதுக் கட்டடத்துக்கு அனுமதி வந்துவிட்டது. எந்தத் தெருவில் கட்டுவது என்பதுதான் விவகாரம். வடக்குத் தெருவுக்கு அப்பா பேசினார், தெற்குத் தெருவுக்கு அத்தை பேசினார். பல வாரங்களாக இரண்டு பேரும் ஊருணியின் எதிரெதிர்க் கரையில் குளித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போவதாக அம்மா சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். வேனை விட்டு இறங்கியதும் ஊரே எழுந்து நின்று கும்பிட்டது. ஊராட்சித் தலைவர் என் வயதுப் பெண், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மாலை போடும்போதே என் காதில், "ஏண்டி, முன்னாடியே சொல்ல மாட்டியா? சேரு கிடைக்கலடி, நாச்சியாபுரத்துல இருந்து ஏத்திட்டு வந்தோம்" என்று கடிந்துகொண்டார்.

மொழிபெயர்க்க நான் ஒருத்திதான். மைக் செட்டு எதுவும் கிடையாது. காதோடு காதாகத்தான் சொல்ல வேண்டும். ஆகையால் தலைவி ஒரு பக்கமும் எதிர்க்கட்சிப் பெரியவர் மறு பக்கமும் என்னை ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் நான். மற்ற மூவரும் பின்னாலிருந்து எட்டிக் கேட்டார்கள்.

முதலில் வரவு செலவு, குடிநீர், கொசு மருந்து எல்லாம் வாசித்தார்கள். அது ஒழுங்காகப் போனது. பிறகு ரேஷன் கடை என்றதும் அப்பா எழுந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. என்னைப் பார்க்கவே இல்லை.

"நான் இந்த ஊர்ல பொறந்து வளந்தவன். எனக்கு அறுபத்தி மூணு வயசு" என்று ஆரம்பித்தார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "எனக்கு அறுபத்து மூன்று வயது" என்று நான் ஸ்பானிஷில் சொன்னதும், பெரியவர் தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்து, "வயது தெரியவில்லை" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்பா நன்றாகத்தான் பேசினார். வடக்குத் தெரு மேட்டு நிலம், கார்த்திகை மழையில் தெற்கே சேறாகிவிடும், அரிசி மூட்டை நனைந்தால் யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டார். வடக்குத் தெரு கை தட்டியது.

அத்தை எழுந்தார். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறி மறுபடி செருகினார். "எங்கண்ணே பேசுறாக, நல்லாத்தான் பேசுறாக" என்று தொடங்கினார். "பள்ளிக்கூடம் வடக்க. பால் டிப்போ வடக்க. பஸ்ஸு நிக்கிறது வடக்க. எங்க பக்கம் இருக்கிறது சுடுகாடு ஒன்னுதான். அதுக்குப் போறப்ப நாங்க நடந்தா போகப் போறோம்? நடந்து போற எடத்த எல்லாம் அங்குட்டு வச்சுக்கிட்டு, தூக்கிட்டுப் போற எடத்த மட்டும் எங்களுக்குக் குடுத்திருக்கீகளே, இது என்ன நியாயம்?"

தெற்குத் தெரு விசில் அடித்தது. வடக்குத் தெருவிலிருந்து நாலு பேர் எழுந்தார்கள். தெற்கிலிருந்து எட்டுப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அதிகாரி பின்னாலிருந்து குனிந்து, "மேடம், வளர்ச்சிப் பணிகளைப் பத்தி ஆலோசனை பண்றாங்கன்னு சொல்லிருங்க, போதும்" என்றார்.

எனக்கும் பதற்றம். அவர் சொன்னபடியே அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

தலைவி என் கண்ணையே பார்த்தார். "இவ்வளவு சத்தத்துக்கு இவ்வளவுதான் அர்த்தமா?" என்றார்.

பெரியவர் அந்தப் பக்கமிருந்து, "நான் முப்பது வருடமாக அவையில் கத்துகிறவன். இது ஆலோசனைச் சத்தம் இல்லை. அந்த அம்மா என்ன சொன்னார்?" என்றார். அவரும் தலைவியும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு மேல் மறைப்பானேன்? அத்தை சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். அத்தையின் 'நான்' இப்போது என்னுடைய 'நான்' ஆனது. சுடுகாட்டு வரியைச் சொல்லி முடித்ததும் ஐந்து பேரும் வெடித்துச் சிரித்துக் கை தட்டினார்கள். ஊர் திரும்பிப் பார்த்தது. யாருக்காகக் கை தட்டுகிறார்கள் என்பது புரிந்ததும் தெற்குத் தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அவரை ஏன் அண்ணன் என்கிறார்? மரியாதைக்கா?" என்று தலைவி கேட்டார்.

"கூடப் பிறந்த அண்ணன்தான்."

"அவர்களை உனக்குத் தெரியுமா?"

"அவர் என் அப்பா. இவர் என் அத்தை."

தலைவி வாயில் கை வைத்துக்கொண்டார். பெரியவர் என் தோளுக்கு மேலாக எட்டி, தலைவியிடமே நேரடியாக, "பார்த்தீர்களா, இங்கே சொந்த அண்ணன் தங்கை இரண்டு கட்சி. நாம் எவ்வளவோ தேவலை" என்றார். தலைவியும் அவரிடமே, "உங்களுக்கு நான் தங்கையாகப் பிறக்காமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்" என்றார். அந்த வரிகளை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நான் நிம்மதியாக ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் வடக்கு. எண்ணினார்கள். பிறகு தெற்கு. அந்த நேரம் பார்த்துப் பெரியவரின் மூக்கைச் சுற்றி ஒரு ஈ வந்தது. அவர் அதை விரட்டக் கையைத் தூக்கினார். எண்ணிக்கொண்டு வந்த வார்டு உறுப்பினர் அவர் கையையும் சேர்த்து எண்ணிவிட்டார்.

அப்பா துள்ளி எழுந்தார். "அந்தய்யா கையை எண்ணாதீக! அவுகளுக்கு இங்குட்டு ரேஷன் கார்டு கிடையாது!"

சாமியானாவே அதிரும்படி சிரிப்பு. நான் அதைச் சொன்னதும் பெரியவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை வெளியே எடுக்கவில்லை. தண்ணீரைக்கூடப் பக்கத்து ஆள்தான் பிடித்துக் கொடுத்தார்.

அவர் கை இல்லாமலேயே தெற்குத் தெரு ஜெயித்தது. ஏழெட்டுக் கைதான் வித்தியாசம். வடக்கிலிருந்து சில பெண்களே தெற்குக்குக் கை தூக்கியிருந்தார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். அப்பா அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

ஒரு நிமிடம் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை பேருக்கு முன்னால், இத்தனை தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் தோற்றுப் போக வைத்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது. அப்புறம் அவர் மறுபடி எழுந்தார்.

"தெக்கயே கட்டுங்க. ஊரு சொன்னா சரிதான். ஆனா வாசலை மட்டும் வடக்கப் பாத்து, ஊருணிப் பக்கமா வைங்க. கடை தொறந்திருக்கா, பூட்டிக் கிடக்கான்னு எங்க வீட்டு முன்னாடி நின்னே பாத்துக்கிருவோம். சும்மாச் சும்மா சுத்தி வந்து ஏமாற வேண்டாம்ல?"

யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தைதான் முதலில் கை தூக்கினார். "எங்கண்ணே சொல்றது சரி" என்றார். அப்புறம் இரண்டு தெருவும் மொத்தமாகக் கை தூக்கியது. ஊராட்சித் தலைவர் தீர்மானத்தில் வாசலையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

நான் சொல்லி முடித்ததும் தலைவி பேச அனுமதி கேட்டு எழுந்தார். "எங்கள் அவையில் இவரைப் போல ஒருவர் எதிர்க்கட்சியில் இருந்தால் எங்களுக்குத் தூக்கமே இருக்காது" என்றார். "ஓட்டெடுப்பில் தோற்றார். அந்த இடத்திலேயே ஒரு திருத்தம் கொண்டுவந்து ஒருமனதாக ஜெயித்துவிட்டார். இதைச் செய்வது எப்படி என்று தெரியாமல் எத்தனையோ பேர் ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்." அதைத் தமிழில் ஊருக்குச் சொல்ல வேண்டியவள் நான். சத்தமாகச் சொன்னேன். சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அப்பா என்னைத் தண்ணீர்க் கேன் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏத்தா, ஒன்னு கேக்கணும். உங்க அத்தை பேசுனதுக்கு அவ்வளவு பேரும் கை தட்டுனாக. நான் பேசுனப்ப ஒருத்தரும் தட்டல. அவளுக்கு நல்லாச் சொல்லிட்டு எனக்குச் சுமாராச் சொல்லிட்டியா?"

"இல்லப்பா. நீங்க சொன்னதத்தான் சொன்னேன்."

"அவ சொன்னத?"

"அவுக சொன்னதத்தான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அவதான் நல்லாப் பேசியிருக்கா" என்றார். "வீட்டுல போயிச் சொல்லிராத."

தலைவி அண்ணனையும் தங்கையையும் அன்று மாலை விருந்துக்கு அழைத்தார். காரைக்குடியில் அவர்கள் தங்கியிருந்த பெரிய வீட்டு ஓட்டலுக்கு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அத்தை பட்டுப் புடவை. அப்பா காலையில் போட்ட சட்டையையே துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு வந்தது போலிருந்தது. கைமடிப்பில் ஈரம் இருந்தது. வெள்ளைப் பணியாரத்தையும் மிளகாய்த் துவையலையும் பார்த்துவிட்டு அத்தை, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தாக?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பா பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கரும்பு, கடலை, உரம், மழை. ஒரு கவளம் நான் வாயில் வைப்பதற்குள், "ஏத்தா, இங்குட்டு வா, அய்யா என்னமோ கேக்குறாக" என்று கூப்பிடுவார். போய்ச் சொல்லிவிட்டு வந்தால், பெரியவர் ஸ்பூனால் தட்டைத் தட்டி அழைப்பார். என் பணியாரம் ஆறிப்போனது. ஒரு கட்டத்தில் பெரியவர், "உங்கள் மகள் இந்த மொழியை எங்கே கற்றாள்?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்கய்யா. நான் வேற வேலைக்குப் போகச் சொன்னேன். அவ கேக்கல. நல்ல வேளை கேக்கல. இன்னைக்கு நான் பேசுனது கடலுக்கு அங்குட்டு இருக்கிற ஆளுகளுக்கு வெளங்குச்சு. அது எம்மகளாலதான்."

இதையும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். என் மகள் என் பேச்சைக் கேட்கவில்லை, நல்ல வேளை என்று நானே சொல்ல வேண்டும். ஆரம்பித்தேன். பாதியில் நின்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தேன். பெரியவர் தன் தட்டிலிருந்த பணியாரத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். எதிரே இருந்த அத்தை, "அண்ணே, புள்ளையச் சாப்பிட விடுங்க" என்று அதட்டினார். அன்றைக்கு வேறு எதற்கும் அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. எப்படிப் பேசிக்கொண்டார்களோ, சத்தமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மறுநாள் காலை மதுரை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் தலைவியும் பெரியவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, தங்கள் நாட்டில் எங்கோ கட்டப்போகும் ஒரு பாலத்தைப் பற்றிக் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மற்ற மூவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கடை கட்டி முடிந்து, இப்போது அதில் சர்க்கரையும் பருப்பும் போடுகிறார்கள். ஊருக்குள் தெருவிளக்குத்தான் அடுத்த விவகாரம். ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தின வாரம் அப்பா எனக்குப் போன் செய்கிறார். "ஏத்தா, ஒரு வாட்டி பேசிக் காட்டுறேன். சுடுகாடு மாதிரி ஒன்னு எனக்கும் வேணும், எங்குட்டு வைக்கலாம்னு சொல்லு" என்கிறார். நான் கேட்டு, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்த வரியை முன்னால் கொண்டுவாருங்கள் என்று சொல்கிறேன். அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அத்தை கூப்பிடுவார். அவருடைய பேச்சையும் முழுதாகக் கேட்கிறேன். அண்ணே ஏதாவது பேசுனாகளா என்று சாதாரணமாக விசாரிப்பது போல விசாரிப்பார். நான் யார் பேச்சையும் யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் அது கூடாது.